நாடக அரங்கும் காலவுண்மையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் நாடக அரங்கு ஒன்றின் இலக்கணம் விரிவாகப் பேசப்படுகின்றது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு வரையறுத்து, மூவகை எழினிகளையும், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தும் முறையையும், மேலே கட்டிய ஓவிய விதானத்தையும் இளங்கோவடிகள் கூறுகின்றார். இவ்வளவு கூறியவர், அவ்வரங்கைக் காடாகவோ அரண்மனையாகவோ தோன்றச் செய்யும் வழி எதனையும் கூறினாரல்லர். கூறவேண்டிய தேவையும் அவர்க்கில்லை. அரங்கு அரங்காகவே இருந்தது; காடும் மாடமும் ஆடுவோர் கையிலும் பாடுவோர் மொழியிலும் பிறந்தன. சேக்ஸ்பியர் வாழ்ந்த இலண்டனிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே. ஒரு குறித்த நாட்டின், குறித்த நூற்றாண்டின், குறித்த ஒரு வீட்டினை உள்ளவாறே மேடைமீது எழுப்பிக் காட்டல் வேண்டும் என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வேரூன்றியதாகும். அக்கொள்கை நாடகத்துக்குத் தந்தது யாது, அதனிடமிருந்து பறித்தது யாது என்பன ஆராயத்தக்கன. பழைய காலமொன்றை மேடையிற் காட்ட முனைவோர் எவர்க்கும் அவ்வினா இன்றும் எதிர்ப்படுவதொன்றே.

இங்கிலாந்தில் இதன் தொடக்கத்தை 1823 இல் கொவென்ற் காடன் அரங்கிற் காணலாம். அவ்வாண்டு சாள்ஸ் கெம்பிள் 'ஜோன் மன்னன்' நாடகத்தை மேடையேற்றியபோது, பிளாஞ்சே என்பார் பழைய கல்லறைச் சிற்பங்களையும் முத்திரைகளையும் பார்த்து உடைகளை வகுத்தனர். ஆயின் அக்கொள்கையை முற்றும் பற்றி நின்றவர் சாள்ஸ் கீன் என்பவரே. 1850 முதல் 1859 வரை இலண்டன் பிரின்செஸ் அரங்கை நடத்திய அவர், நாடக விளம்பரத் தாள்களில் நடிகர் பெயர்களோடு தொல்பொருளாராய்ச்சிக் குறிப்புகளையும் அச்சிட்டு வழங்கினார். 1857 இல் தொல்பொருட் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. நடிகர் ஒருவர்க்கு அது பெருஞ்சிறப்பே.

1856 இல் கீன் மேடையேற்றிய 'மாரிக்காலக் கதை' அவருடைய முறையை நன்கு விளக்கும். அந்நாடகத்திற் பொஹீமியா நாட்டுக்குச் சேக்ஸ்பியர் கடற்கரை ஒன்றைப் படைத்துள்ளார். உண்மையிற் பொஹீமியாவுக்குக் கடல் இல்லை. கீன் அந்நாட்டையே அகற்றி, சின்ன ஆசியாவிலுள்ள பிதினியாவை அதனிடத்தில் வைத்தார். கற்பனை நாடொன்றில் நிகழும் கதை, பழைய கிரேக்கரின் சிராக்கூசு நகரில் நிகழும் வரலாறாயிற்று. தூண்களும் கலங்களும் ஆடைகளும் அக்காலத்து எஞ்சிய பொருள்களைப் பார்த்து ஆக்கப்பட்டன. கவிஞன் கனவிற் கண்ட நாட்டைப் புவியியல் கற்றவர் திருத்தினார் என்றே இதனைக் கூறல் வேண்டும்.

அந்நாடகத்தில் இளவரசன் மமீலியசாக மேடையேறிய சிறுமி, பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற எலன் டெரி. அப்பொழுது அவருக்கு வயது ஒன்பது. இளவரசன் இழுத்து விளையாடுவதற்குச் சிறு வண்டியொன்று செய்யப்பட்டிருந்தது. பிரித்தானிய நூதனசாலையிலுள்ள கிரேக்கக் கலங்களில் வரையப்பட்ட விளையாட்டு வண்டியின் நேர்ப்படி அது. விக்டோரியா அரசி வீற்றிருந்த முதல் நாளன்று, அவ்வண்டியிற் கால் தடுக்கிச் சிறுமி மேடையில் விழுந்தார். இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். ஒன்பது வயதுக் குழந்தை எவ்வண்டியிலும் தடுக்கி விழக்கூடும் என்பது மெய்யே. எனினும் இந்நிகழ்ச்சியிற் கீனின் முறைக்குரிய குறைபாடு ஒருவாறு புலப்படுகின்றது. கலத்தில் எழுதிய ஓவியன் வண்டியின் வடிவத்தை வைத்துப்போனான். அதனை எவ்வாறு பிடிப்பது, எவ்வகைத் தரையில் இழுப்பது, இழுப்பவன் எவ்வாறு திரும்புவது என்பவை ஓவியத்தில் இல்லை. பிரின்செஸ் அரங்கில் வடிவம் மட்டும் வந்து சேர்ந்தது.

பார்சி நாடகக் குழுக்கள் வாயிலாக இந்தியாவெங்கும் பரவிய வண்ணத்திரைகள் அக்கால ஆங்கில அரங்கின் வழிவந்தனவே. தமிழ்நாட்டுக் குழுக்கள் அவற்றை ஈழத்துக்கும் கொணர்ந்தன. கொட்டகைக் கூத்துக் காலத்தில் தெருச்சீன், காட்டுச்சீன், தர்பார்ச்சீன் எனச் சில திரைகளே இருந்தன. அரிச்சந்திரன் அமர்ந்த அதே தர்பாரிற் பாண்டியனும் அமர்ந்தான். இதனை எள்ளுவோர் உளர். ஆயின் அத்திரைகள் இன்ன காலத்தைக் காட்டுகின்றோம் என்று உரிமை பாராட்டியனவல்ல. அரசவை என்பதற்கு அவை ஓர் அறிகுறி, அவ்வளவே. ஆராய்ந்து அமைத்தோம் என்று கூறிக்கொண்டு வரும் அரங்குக்கே உண்மை பொய் என்னும் அளவுகோல் பொருந்தும்.

கீனின் முறையிற் குறைந்திருந்ததை உணர்ந்தவர் ஜேர்மனியிற் சிறிய நாடொன்றின் ஆட்சியாளர். சாக்ஸ்-மைனிங்கன் கோமகன் இரண்டாம் கியோர்க் 1866 இல் ஆட்சிக்கு வந்து, அரசவை நாடகக் குழுவைத் தாமே நெறிப்படுத்தினார். அக்குழு 1874 இற் பேர்ளின் நகரில் 'யூலியஸ் சீசர்' நாடகத்தோடு தோன்றி, 1890 வரை ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடித்தது. கோமகனும் ஆராய்ச்சியிற் சளைத்தவரல்லர். உடைகளையும் அரங்கையும் தம் கையாலேயே வரைந்தவர். ஆயினும் அவர் நடிகர்க்கு வகுத்த விதிகளே அவருடைய சிறப்பினைக் காட்டுவன. தலைக்கவசம், கவசம், வாள் ஆகியவற்றைத் தொடக்க ஒத்திகைகளிலேயே அணிந்து பழகுதல் வேண்டும் என்றார். அவற்றின் பாரம் நடிகனின் நடையை மாற்றும், அம்மாற்றம் நாடகத்தன்று முதன்முறையாக நிகழலாகாது என்பது அவர் கருத்து. திரையில் எழுதிய வீட்டின் அருகே நடிகன் செல்லலாகாது என்றும் விதித்தார். சென்றால், மாடிவீட்டின் சாளரம் அவன் தோளளவில் நின்று, வீடு பொம்மை வீடாகிவிடும். மேடைத் தளம் சமமாயிருத்தலையும் அவர் விரும்பவில்லை. படியும் மேடும் சரிவும் அமைத்தார். ஏறுகின்றவன் ஏறுகின்றவனாகவும் இறங்குகின்றவன் இறங்குகின்றவனாகவும் தோன்றவேண்டுமெனின், ஏறவும் இறங்கவும் இடம் வேண்டுமன்றோ?

இவ்விதிகள் எல்லாவற்றிலும் ஓடும் எண்ணம் ஒன்றே. அரங்கு கண்ணுக்குரிய ஓவியம் மட்டுமன்று. நடிகனின் உடல் மோதி நிற்கும் பொருளும் ஆகும். சுவீடன் நாட்டு ஸ்ட்ரிண்ட்பேர்க் 1888 இல் 'மிஸ் ஜூலி' நாடகத்துக்கு எழுதிய முன்னுரையிலும் இக்குறையே பேசப்படுகின்றது. தந்தை சினந்து கதவை அறைந்து சாத்த, துணியாலான கதவும் அதனோடு வீடு முழுவதும் அசைவதை அவர் எள்ளி நகையாடினார்; சமையலறைச் சுவரிற் சட்டிபானைகளை வண்ணத்தால் எழுதும் வழக்கத்தையேனும் விட்டுவிடுமாறு வேண்டினார். பாரிசு நகரில் அதே ஆண்டு அந்துவான் என்பார் இறைச்சிக்கடைக் காட்சியொன்றில் உண்மையான இறைச்சியையே தொங்கவிட்டார். அது பெரும் பேச்சாயிற்று. பேச்சன்றி வேறு பயன் அதனால் விளைந்ததாகத் தோன்றவில்லை.

மைனிங்கன் குழு 1890 இல் மொஸ்கோவில் நடித்தபோது அதனை ஊன்றிக் கவனித்த இளைஞருள் ஸ்தனிஸ்லவ்ஸ்கியும் ஒருவர். எட்டாண்டுகளின் பின், 1898 ஒக்டோபரில், அவரும் நெமிரோவிச்-தான்சென்கோவும் நிறுவிய மொஸ்கோ கலையரங்கின் முதல் நாடகமாக 'சார் பியோதர் இவானவிச்' மேடையேறியது. ஆசிரியர் அலெக்ஸி தொல்ஸ்தோய். 'போரும் சமாதானமும்' எழுதிய லியோ தொல்ஸ்தோய் வேறு, இவர் வேறு. 1868 இல் எழுதப்பட்ட இந்நாடகம் முப்பதாண்டுகள் அரசின் தடையால் மேடை காணாதிருந்தது. தடைக்குக் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. 1584 முதல் 1598 வரை ஆண்ட பியோதர் இதில் நல்லவனாகவும் ஆளமாட்டாதவனாகவும் காட்டப்படுகின்றான். மைத்துனன் பொரிஸ் கொதுனோவையும் எதிர்க்கட்சித் தலைவன் இளவரசன் ஷுயிஸ்கியையும் இணக்கிவைக்க அவன் விரும்புகின்றான். அவன் நன்மையே எண்ணி எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் பிறர் அழிவில் முடிகின்றது.

இந்நாடகத்துக்கு அரங்கமைத்தவர் சீமொவ் என்னும் ஓவியர். பதினாறாம் நூற்றாண்டு ரூசியாவைக் காட்டுதற்கு அந்நாளைய அரங்குகளிற் பழகிப்போன முறையொன்று இருந்தது: எந்நாடகத்துக்கும் பொருந்தும் பொன்னிற மண்டபம், எந்நடிகனுக்கும் பொருந்தும் நீளங்கி. அதனை விடுத்து ஸ்தனிஸ்லவ்ஸ்கி, சீமொவ் முதலியோர் பழைய நகரங்களுக்குப் பயணஞ் சென்றனர். ரொஸ்தொவ், யாரொஸ்லாவல் முதலிய ஊர்களில் எஞ்சிநின்ற கட்டடங்களை வரைந்தனர். பழந்துணிகளையும் தலையணிகளையும் தொகுத்தனர். நிஷ்னி நொவ்கொரொட் சந்தையிற் குப்பையோடு குப்பையாகக் கிடந்த பழம்பொருட் குவியலொன்றை ஸ்தனிஸ்லவ்ஸ்கி ஆயிரம் ரூபிள் கொடுத்து முழுமையாகவே வாங்கிவிட்டார்.

இதுவரையிற் கீன் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு ரொஸ்தொவ் நகர்ப் பழைய மாளிகையில் அவர்கள் கழித்த இரவொன்றில் தோன்றியது எனலாம். ஸ்தனிஸ்லவ்ஸ்கி தம் 'கலையில் என் வாழ்வு' என்னும் நூலில் அதனை விவரித்துள்ளார். இருளிற் கற்றளத்தின்மேற் காலடியோசை கேட்டது. தாழ்ந்த கதவொன்று திறந்தது. துறவியின் உடையணிந்த பேருருவமொன்று குனிந்து, அவ்வாயிலில் நுழைந்து, உள்ளே வந்தபின் மெல்ல நிமிர்ந்தது. வந்தவர் அவர்களோடு பயணஞ் செய்த தோழர்களுள் ஒருவரே. எனினும் அக்கணத்திற் பழைய ரூசியா தம்முன் வந்து நின்றதாக அவர் எழுதுகின்றார்.

அவர் கண்டது அரும்பொருள் ஒன்றையன்று, வாயிலின் உயரத்தை. அவ்வாயில் எவரையும் குனியவைத்தது. குனிந்தவரை உள்ளே வந்து நிமிரவைத்தது. குனிதலும் நிமிர்தலும் சேர்ந்தே அக்காலமாயின. யாழ்ப்பாணத்துப் பழைய ஓலை வீடுகளின் தாழ்ந்த இறப்பை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். எத்துணைப் பெரிய மனிதராயினும் தலைகுனிந்தே அவ்வீட்டினுட் புகுந்தார். அவ்வீட்டை மேடையில் அமைப்பவர் ஓலையையும் மண்சுவரையும் செவ்வனே காட்டி, நடிகர் வசதிக்காக இறப்பை ஆறடிக்குமேல் உயர்த்திவிடுவாராயின், வீட்டின் பொருள்கள் எல்லாம் மெய்யாயிருந்தும் வீடு பொய்யாகும்.

சீமொவின் அரங்கு இவ்வறிவைப் பயன்படுத்திக்கொண்டது. அரண்மனை அறைகள் தாழ்ந்த கூரையும் சிறு வாயில்களும் உடையனவாக அமைந்தன. நாடகத் தொடக்கத்தில் ஷுயிஸ்கி அளிக்கும் விருந்து இன்னும் நுணுகி நோக்கற்பாலது. பெரிய மரத்தூண்களையுடைய மேன்மாடம் ஒன்று மேடையில் இடப்பாதியை மட்டும் அடைத்துக்கொண்டது. அதன் முன்புறத்திற் கைப்பிடிச்சுவர். அதற்கப்பால் அமர்ந்திருந்தோரின் கீழுடல் காண்போர்க்கு மறைந்தது. வலப்பாதியில் மொஸ்கோ நகரின் கூரைகளும் கோபுரங்களும் தொலைவரை சென்றன. காட்சி முழுவதையும் அவைக்குத் திறந்து வைப்பதே அரங்கின் கடமை என்று கொண்ட காலத்தில், நடிகரைச் சுவரால் மறைத்தல் துணிவான செயல். பயன் இரண்டு. குறுகிய இடத்தில் நெருங்கிய கூட்டம் தன் தொகையினும் பெரிதாகத் தோன்றியது. மற்றையது, அதனினுஞ் சிறந்தது: அங்கே நிகழ்வது அவைக்காக நிகழ்வதன்று, சதி செய்வோர் தம்முள் நெருங்கிக் கூடியது என்னும் உணர்வை அச்சுவரே உண்டாக்கியது. நாடகம் சூழ்ச்சியில் தொடங்குகின்றது. அரங்கும் அதற்கேற்ப ஒதுங்கி நின்றது.

யௌசா ஆற்றுப் பாலக் காட்சியும் அத்தகையதே. பாலம் மேடையின் இடமுன் மூலையிலிருந்து வலப்பின் மூலை நோக்கிக் குறுக்கே சென்றது. கீழே ஆறும் படகுகளும். பாலத்தின் தலைப்பில் சுங்கம் வாங்குவோன். சிறைக்குக் கொண்டுசெல்லப்படும் ஷுயிஸ்கியை மக்கள் மீட்க முயல்வது இங்கேதான். அகன்ற தெருவில் அக்கூட்டம் சிதறிப் போயிருக்கும். பாலத்திலோ விலக வழியில்லை. காவலரும் மக்களும் ஒருவரோடொருவர் மோதியே ஆகவேண்டும். பழங்காலப் பாலம் எத்தகைய மரத்தாலானது என்பதை ஆராய்ந்தறிதல் ஒரு திறன். அதனைக் கதையின் இடுக்கண் நேரும் இடத்தில், இடுக்கமாகவே வைத்தல் வேறொரு திறன். பின்னையது இல்லாதவிடத்து முன்னையது நூதனசாலை வேலையாக நின்றுவிடும்.

ஆயினும் 'பியோதர்' நாடகத்தின் வெற்றியை அரங்குக்கே உரியதாக்குதல் பிழையாகும். பியோதராக நடித்த மொஸ்க்வின் அன்றே பெரும்புகழ் எய்தினார். அவர் இல்லாதிருந்தால் அத்தாழ்ந்த கூரைகள் என்ன செய்திருக்கும் என்பது ஐயத்துக்குரியது. ஸ்தனிஸ்லவ்ஸ்கியே பின்னாளில் இதனை ஒளியாது கூறினார். தொடக்ககாலத்து நாடகங்களிற் புறவாழ்வின் உண்மையை அவ்வளவு வலியுறுத்தியதற்கு ஒரு காரணம், இளம் நடிகரின் பயிற்சியின்மையை உடையாலும் பொருளாலும் மறைக்கவேண்டியிருந்தமையே என்பது அவர் ஒப்புதல். தம் வெற்றிக்கு இத்தகைய விளக்கந் தந்த நெறியாளர் வேறொருவரைக் காண்பது அரிது. நாடக மன்றங்கள் பல இன்றும் இம்மறைப்பையே செய்கின்றன; ஒப்புக்கொள்வதில்லை.

1903 இல் அதே கலையரங்கு 'யூலியஸ் சீசர்' நாடகத்தை மேடையேற்றியபோது கொள்கையின் எல்லை வெளிப்பட்டது. நெமிரோவிச்-தான்சென்கோ சீமொவோடு உரோமாபுரிக்கே சென்று ஆராய்ந்து வந்தார். நாடகத்தின் தலைவன் சீசருமல்லன், புறூட்டசுமல்லன், உரோமாபுரியே என்பது போன்ற நோக்கில் நெறியாள்கை அமைந்தது. கடைகளும் தெருமக்களும் பல்லக்குகளும் மேடையில் நிறைந்தன. புறூட்டசாக நடித்த ஸ்தனிஸ்லவ்ஸ்கியும் பிறரும் தோகா என்னும் மேலாடையைக் கையாளுவதற்கு அரும்பாடுபட்டுப் பழகினர். வியப்பு மிகுந்தது. ஆயினும் இந்நாடகத்துக்கு அம்முறை பொருந்துமா என்பதே வினா. சதிகாரர் புறூட்டசின் தோட்டத்திற் கூடும் இரவில், சேக்ஸ்பியர் மணிக்கூடு ஒன்றை அடிக்கச் செய்கின்றார். சீசர் காலத்தில் அடிக்கும் மணிக்கூடு ஏது? வெறும் மேடையில் அவ்வோசை அச்சத்தைத் தரும். காலம் கடந்துகொண்டிருக்கின்றது என்பதைக் காதுக்கு உணர்த்தும். தூண் ஒவ்வொன்றும் ஆராய்ந்து நிறுவப்பட்ட உரோமாபுரியிலோ அது பிழையாகவே ஒலிக்கும். அரங்கு எவ்வளவுக்குத் திருந்துகின்றதோ அவ்வளவுக்குக் கவிஞன் பிழைபட்டவனாகின்றான். தொல்ஸ்தோய் தம் நாடகத்தை எழுதியபோது இத்தகைய அரங்கைக் கருத்திற் கொள்ளக்கூடிய காலத்தில் வாழ்ந்தார். சேக்ஸ்பியர் வேறோர் அரங்குக்கு எழுதினார். ஒரே ஓவியர், ஒரே உழைப்பு. நாடகம் வேறுபட்டபோது பயனும் வேறுபட்டது.

இங்கே செக்கோவ் கூறியதாக மெயர்ஹோல்ட் குறித்துவைத்த செய்தி நினைவுகூரத்தக்கது. 1898 இல் 'கடற்பறவை' ஒத்திகைக்கு வந்த செக்கோவிடம், மேடைக்குப் பின்னால் தவளைகள் கத்தும், தும்பிகள் இரையும், நாய்கள் குரைக்கும் என்று நடிகர் ஒருவர் கூறினார். ஏன் என்று கேட்டார் செக்கோவ். உண்மையாயிருக்கும் என்று விடை வந்தது. மேடை என்பது கலை என்று கூறிய அவர், கிராம்ஸ்கொய் வரைந்த அழகிய முகமொன்றில் மூக்கினை வெட்டியெடுத்துவிட்டு, மெய்யான மனித மூக்கினை அவ்விடத்தில் வைத்தால் எவ்வாறிருக்கும் என்று வினவினாராம். மூக்கு மெய்யானதே, ஓவியம் கெட்டுவிடும்.

செக்கோவ் நகையாகக் கூறியது நான்கு ஆண்டுகளில் உண்மையாகவே நிகழ்ந்தது. 1902 இல் லியோ தொல்ஸ்தோயின் 'இருளின் ஆற்றல்' மேடையேறுமுன், கதை நிகழும் தூலா மாகாணத்துக் கிராமங்களுக்குக் கலையரங்கினர் சென்றனர். உடைகளையும் தட்டுமுட்டுகளையும் கொணர்ந்ததோடு, கிராமத்து வழக்கங்களைச் சொல்லித்தருதற்குக் கிழவி ஒருத்தியையும் கிழவர் ஒருவரையும் உடனழைத்து வந்தனர். ஒத்திகை ஒன்றில் நடிகை ஒருவரின் இடத்தில் அக்கிழவி நிற்க நேர்ந்தது. அவள் வாய்திறந்ததும் அரங்கு திகைத்தது. அவள் நடிக்கவில்லை, வாழ்ந்தாள். ஒரு குறை மட்டும் இருந்தது: ஆசிரியர் எழுதிய சொற்களை விடுத்து, அச்சிடத்தகாத வசைகளைத் தாராளமாக வழங்கினாள். அவளை அப்பாத்திரத்திலிருந்து விலக்கிக் கூட்டத்தில் நிறுத்தினர். அவள் ஒரு முறை அழுதாள். தேர்ந்த நடிகர்களின் அழுகை அனைத்தும் அதன் பக்கத்தில் வெளிறிப்போயிற்று. பேச்சின்றி மேடையைக் கடந்து செல்லுமாறு மட்டும் விட்டனர். அவள் பாடியவாறு கடந்துபோனபின் மேடைக்கு வந்து பேச எவராலும் இயலவில்லை.

சீமொவின் குடிசையும் தூலாவிலிருந்து வந்த உடைகளும் அதுவரை மெய்யாகவே தோன்றியிருந்தன. அவளால் அவையும் நாடகப் பொருள்களாகத் தெரியத் தொடங்கின. ஈற்றில் அவள் பாடலைக் கிராமபோனிற் பதிவுசெய்து, திரைக்குப் பின்னாலிருந்து ஒலிக்கச் செய்தனர். அது காட்சியோடு இசைந்து நின்றது.